கிரானைட் சேறு சூளைக்குள் என்ன ஆகிறது?

20 மி.மீ. தடிமனுக்கு ஒரு கிரானைட் பலகையை அறுக்கிறார்கள். அறுக்கும் அலகு 5 மி.மீ. அகலத்துக்குக் கல்லைத் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கல்லில் ஐந்தில் ஒரு பங்கு மாவாகித் தண்ணீரோடு போய்விடுகிறது. ஒரு கன மீட்டர் கிரானைட் சுமார் 2,650 கிலோ எடை இருக்கும். அதில் 530 கிலோ சேறு. கிருஷ்ணகிரி, ஓசூர், மதுரை மேலூர்ப் பக்கத்து அறுவை ஆலைகளுக்குப் பின்னால் குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடப்பது இதுதான். காய்ந்தால் வெள்ளைப் புழுதியாகக் கிளம்பிப் பக்கத்து வயலில் படிகிறது. மழையில் கரைந்து ஓடினால் வாய்க்காலின் அடியில் சிமெண்ட் பூசியது போல இறுகிக்கொள்கிறது.

இதை ஓடு, தளக்கல், செங்கல் செய்யும் மண்ணில் கலக்கலாம் என்பது நல்ல யோசனை. அரைக்கும் செலவு மிச்சம், சூட்டில் இளகி மண்ணைப் பிணைக்கும் ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தை வாங்கும் செலவும் குறையும். ஆனால் முயற்சி செய்த பல இடங்களில் ஒரே மாதிரி நடக்கிறது. முதல் லாரிச் சேற்றில் ஓடு அருமையாக வரும். இரண்டாவது லாரியில் கரும்புள்ளி விழும். மூன்றாவதில் ஓடு அப்பளம் போல உப்பிவிடும். ஆய்வகச் சான்றைப் பார்த்தால் மூன்று லாரிக்கும் சிலிக்கா, அலுமினா, பொட்டாஷ் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். சேற்றில் என்னென்ன ஆக்சைடு இருக்கிறது என்று மட்டும்தான் அந்தச் சான்று சொல்லும். அவை எந்தக் கனிமமாக, எந்த வடிவில் இருக்கின்றன என்று சொல்லாது. சூளையில் நடப்பதைத் தீர்மானிப்பது அந்த வடிவம்தான். அதைத் தெரிந்துகொள்ள எந்தக் கல், எந்த இயந்திரம், எந்தக் குட்டை என்ற மூன்று கேள்விக்கும் பதில் வேண்டும்.

எல்லாமே கிரானைட் இல்லை

வியாபாரத்தில் மெருகேறும் கடினக் கல் எல்லாவற்றுக்கும் கிரானைட் என்றே பெயர். மண்ணியல் கணக்கில் இவை வேறு வேறு. சாம்பல், இளஞ்சிவப்பு, வெள்ளை நிறக் கற்கள் பெரும்பாலும் ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், கொஞ்சம் மைக்கா சேர்ந்தவை. சிலிக்கா 70 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சோடாவும் பொட்டாஷும் சேர்ந்து 7 அல்லது 8 சதவீதம். மதுரைப் பக்கத்துக் காஷ்மீர் ஒயிட் கல்லில் தெரியும் சிவப்புப் புள்ளிகள் கார்னெட் என்ற இரும்பு கலந்த கனிமம். வெள்ளைக் கல்தானே என்று எடுத்தாலும் அதோடு இரும்பு ஒட்டிக்கொண்டு வரும்.

விழுப்புரம் மாவட்டத்துக் குன்னத்தில் எடுக்கும் கறுப்புக் கல்லின் சங்கதி அடியோடு வேறு. அது டோலரைட். சிலிக்கா 50 சதவீதம் அளவுதான். சுண்ணாம்பு 10 சதவீதத்தை ஒட்டி, இரும்பு ஆக்சைடு அதற்கும் மேல். பொட்டாஷ் மிகக் குறைவு. இது சூட்டில் இளகும் விதமே தனி. சாம்பல் கல் மாவு வெல்லப் பாகு போலக் கெட்டியாக, நிதானமாக இளகும். டோலரைட் வெகுநேரம் அசையாமல் இருந்துவிட்டு, கடைசி 30, 40 டிகிரிக்குள் சட்டென்று நீர்த்துப் போகும். ஒரே ஆலையில் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் அறுத்து, இரண்டையும் ஒரே குட்டையில் விட்டால் அந்தச் சேற்றுக்கு நிலையான குணம் என்று எதுவும் இருக்காது.

களிமண்ணுக்கு எந்தக் கணக்கில் சேர்ப்பது

சாம்பல் கல் சேற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். உயர்சூட்டுத் தள ஓட்டுக்கு 45 பங்கு களிமண், 35 பங்கு ஃபெல்ட்ஸ்பார், 20 பங்கு குவார்ட்ஸ் என்று ஒரு கலவை இருக்கிறது. ஃபெல்ட்ஸ்பாரில் சோடாவும் பொட்டாஷும் சேர்ந்து 12 சதவீதம் என்றால், 35 பங்கிலிருந்து 4.2 பங்கு கிடைக்கிறது. சூட்டில் மற்றதை இளக வைப்பது, அதாவது ஃப்ளக்ஸ் வேலை செய்வது, இந்த 4.2தான். கிரானைட் சேற்றில் அது 8 சதவீதம். அதே 4.2 பங்கு கிடைக்க ஏறக்குறைய 52 பங்கு சேறு வேண்டும். அந்த 52 பங்கில் 30 சதவீதம் குவார்ட்ஸ் என்றால் 16 பங்கு குவார்ட்ஸும் கூடவே வந்துவிடுகிறது. ஆக 45 களிமண், 52 சேறு, 3 குவார்ட்ஸ். ஃபெல்ட்ஸ்பாரையும் குவார்ட்ஸையும் மலையே நமக்குக் கலந்து வைத்திருக்கிறது.

ஃபெல்ட்ஸ்பார் இருந்த இடத்தில் அதே எடைக்குச் சேற்றைப் போட்டு, குவார்ட்ஸைக் குறைக்காமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அப்போது ஃப்ளக்ஸ் போதாமல் ஓடு தண்ணீர் உறிஞ்சும். குவார்ட்ஸ் கூடிப்போனதால் ஆறும்போது விரிசலும் விடும்.

நிறத்தையும் முன்பே யோசித்துவிட வேண்டும். இந்தச் சேற்றில் இரும்பு ஆக்சைடு 2.5 சதவீதம் இருந்தால், 52 பங்கிலிருந்து 1.3 பங்கு ஓட்டுக்குள் போகிறது. வெள்ளைப் பாத்திரத்துக்கும் கழிப்பறைக் கோப்பைக்கும் இது ஆகாது. தள ஓடு, நடைபாதைக் கல், கழிவுநீர்க் குழாய், கூரை ஓடு என்றால் தாராளமாகப் போடலாம்.

சூடு ஏற ஏற

120 டிகிரி வரை ஈரம் வெளியேறுகிறது. சேறு மிக நைஸானது, பெரும்பகுதி 75 மைக்ரானுக்கும் கீழ். அதனால் உலரும்போது ஈரம் வெளியே வர வழி குறைவு. அவசரப்பட்டால் ஓரம் வளைந்துவிடும். 200 முதல் 400 டிகிரி வரை எண்ணெய், மெருகேற்றத் தேய்க்கும் கல்லின் ரெசின் பிசின், தண்ணீரைத் தெளிய வைக்கப் போட்ட பாலிமர் எல்லாம் எரிகின்றன. இவை அளவில் குறைவு என்று விட்டுவிடக்கூடாது. உள்ளே எரியாமல் தங்கும் கரிதான் பின்னால் வரும் தொல்லைகளில் பாதிக்குக் காரணம்.

இதற்கிடையில் இரும்பு தன் வேலையைத் தொடங்கியிருக்கும். பழைய கேங் சா இயந்திரங்களில் அலகுக்குப் பல் கிடையாது. ஸ்டீல் மணியும் சுண்ணாம்பும் தண்ணீரும் கலந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கல்லை அறுப்பது அந்த மணிதான். மணி தேய்ந்து சேற்றில் சேர்கிறது, சுண்ணாம்பும் சேர்கிறது. வைரக்கல் பதித்த வட்ட அலகிலும், வைர மணி கோத்த பல கம்பிகளால் அறுக்கும் மல்டி வயர் இயந்திரத்திலும் இந்த இரண்டும் இல்லை. எந்த இயந்திரம் என்று கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

உலோக இரும்பு சூட்டில் ஆக்சிஜனை இழுத்து இரும்பு ஆக்சைடாகும்போது எடை 43 சதவீதம் கூடுகிறது, கன அளவு இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. நுண்ணிய துகள் 700, 800 டிகிரிக்குள் முழுதும் மாறி, மண்ணுக்குச் செந்நிறம் கொடுத்துவிட்டு அடங்கிவிடும். பெரிய துகள் அடங்காது. வீங்கிச் சுற்றியுள்ள மண்ணைப் பிளக்கும். அப்புறம் 1,100 டிகிரிக்கு மேல் ஃபெல்ட்ஸ்பார் கண்ணாடியோடு சேர்ந்து கசடாக உருகும். அப்படி ஆன ஓட்டை உடைத்து, உடைந்த விளிம்பைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் தெரியும்: குண்டூசித் தலை அளவுக்குக் கன்னங்கரேலென்று பளபளக்கும் ஒரு புள்ளி, நடுவில் ஊசித்துளை, சுற்றிலும் பழுப்பு வளையம். மேலே கிளேஸ், அதாவது கண்ணாடிப் பூச்சு, பூசியிருந்தால் அந்தத் துளை வழியாக வாயு கிளம்பி, கிளேஸிலும் ஓட்டை விழுந்திருக்கும்.

சுண்ணாம்பு அறுவையின்போது ஹைட்ராக்சைடாக இருக்கிறது. குட்டையில் மாதக்கணக்கில் கிடந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கார்பனேட் ஆகிவிடும். ஹைட்ராக்சைடு 450 டிகிரியை ஒட்டித் தண்ணீரை விட்டு 24 சதவீத எடையை இழக்கும். கார்பனேட் 700 முதல் 850 டிகிரிக்குள் வாயுவை விட்டு 44 சதவீதத்தை இழக்கும். ஒரே சேறு, புதிதாக இருக்கும்போது ஒரு சூட்டிலும் பழசானபின் வேறொரு சூட்டிலும் வாயு விடுவது இதனால்தான்.

இங்கே ஆய்வகச் சான்று ஆளை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. சேற்றில் 3 சதவீதம் உலோக இரும்பு, 5 சதவீதம் கால்சியம் கார்பனேட் இருப்பதாகக் கொள்வோம். 1,000 டிகிரிக்குச் சூடாக்கி எடை இழப்பைப் பார்க்கிறார்கள். கார்பனேட் 2.2 சதவீதம் இழக்கிறது, இரும்பு 1.3 சதவீதம் கூட்டுகிறது. சான்றில் எரிப்பு இழப்பு 0.9 என்று வரும். படிப்பவர் இதில் வாயு விடும் பொருளே இல்லை என்று நினைத்துவிடுவார். உண்மையில் இரண்டு தொல்லைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கின்றன.

450 முதல் 600 டிகிரிக்குள் களிமண் தன் உள்நீரை விடுகிறது. சுத்தமான கயோலினில் இது எடையில் 14 சதவீதம். 573 டிகிரியில் குவார்ட்ஸ் படிகம் வடிவம் மாறிச் சட்டென்று விரியும். ஏறும்போது மண் இன்னும் துளைகளோடு தளர்வாக இருப்பதால் தாங்கிக்கொள்ளும். இறங்கும்போது ஓடு கண்ணாடி பிடித்து விறைப்பாக இருப்பதால் அதே மாற்றம் விரிசலாகிவிடும். சூளை ஆறும்போது 620 முதல் 540 டிகிரி வரை காற்றை அடைத்து மெல்ல இறக்குவது இதற்காகத்தான்.

அப்புறம்தான் அசல் வேலை தொடங்குகிறது. பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் தனியாக 1,150 டிகிரியில்தான் உருகத் தொடங்கும். பக்கத்தில் குவார்ட்ஸ் துகள் ஒட்டிக்கொண்டிருந்தால் 990 டிகிரியிலேயே அந்த எல்லையில் திரவம் பிறக்கும். சோடா ஃபெல்ட்ஸ்பார் 1,118 டிகிரியில் உருகும், குவார்ட்ஸோடு சேர்ந்தால் 1,062. கிரானைட் மாவில் மூன்றும் நுண்துகளாக நெருங்கிக் கிடப்பதால் திரவம் சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. அது துளைகளுக்குள் இறங்கி, துகள்களை ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. ஓடு சுருங்குகிறது, உறிஞ்சும் தண்ணீர் குறைகிறது. 1,080 முதல் 1,140 டிகிரிக்குள் ஏதோ ஒரு புள்ளியில் வெளியே திறந்திருந்த துளைகள் மூடிக்கொள்கின்றன. பொட்டாஷ் கூடிய கல்லின் திரவம் கெட்டி என்பதால் ஓடு வடிவம் குலையாது. சோடா கூடினால் திரவம் இளகல், ஓடு தொய்யும்.

கதவு மூடியபின் வரும் வாயு

ஓடு உப்புவதற்கான காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: துளைகள் மூடிய பிறகும் உள்ளே வாயு பிறந்துகொண்டிருக்கிறது. அந்த வாயு எங்கிருந்து என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டியது.

முதல் சந்தேகம் கரி. நடுவில் எரியாமல் நின்ற கரி, இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக் கார்பன் மோனாக்சைடாகிறது. ஆக்சிஜனை இழந்த இரும்பு இன்னும் வலுவான ஃப்ளக்ஸ் ஆகி, நடுப்பகுதியை மட்டும் முன்கூட்டியே உருக்குகிறது. வாயுவும் அங்கேயே, உருகலும் அங்கேயே. ஓட்டை உடைத்தால் மேலும் கீழும் செங்கல் நிறம், நடுவில் பென்சில் கரி நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். அதுதான் பிளாக் கோர். அந்தப் பட்டைக்குள் தேன்கூடு போலக் குமிழ்கள் தெரிந்தால் உப்பலுக்கு வேறு காரணம் தேட வேண்டாம். இதற்கு மருந்து 800 முதல் 880 டிகிரிக்குள் காற்றோட்டத்தோடு நிறுத்திவைப்பது. 10 மி.மீ. தடிமன் ஓட்டுக்கு அறைச் சூளையில் 2 மணி நேரம் கொடுப்பது நல்லது. ஓடு உருளைகள் மேல் நகர்ந்தபடியே வெந்து, மொத்தச் சுடுதலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ரோலர் சூளையில் அந்த அவகாசம் கிடையாது. அங்கே சேற்றைச் சுத்தமாகக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டாவது சந்தேகம் சிலிக்கான் கார்பைடு, அதாவது மெருகேற்றும் கல்லில் உள்ள தேய்ப்புத் துகள். இது அறுவைச் சேற்றில் வராது, மெருகேற்றும் பகுதியிலிருந்து வருகிறது. தனியாகச் சூடாக்கினால் சிலிக்கான் கார்பைடு துகள் மீது ஒரு சிலிக்கா படலம் போர்த்தி அதைக் காக்கும். அதனால் 900 டிகிரி வரை எந்த அறிகுறியும் தெரியாது. ஃபெல்ட்ஸ்பார் திரவம் உருவானதும் அந்தப் போர்வையைக் கரைத்துவிடுகிறது. அதன்பின் துகள் ஆக்சிஜனோடு சேர்ந்து வாயு விட ஆரம்பிக்கும். துளைகள் மூடியபின், 1,150 டிகிரியைத் தாண்டித்தான் இது நடக்கிறது. நிறுத்திவைத்தாலும் மெல்லச் சுட்டாலும் இதற்குப் பலன் இல்லை. மெருகுச் சேற்றை அறுவைச் சேற்றோடு சேர்க்காமல் வேறு குட்டையில் விடச் சொல்வதுதான் தீர்வு. அந்த மெருகுச் சேறும் வீண் இல்லை. வேண்டுமென்றே உப்ப வைத்தால் தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசான, வெப்பம் கடத்தாத நுரைக்கல் கிடைக்கும்.

சாம்பலோடு சேர்க்கும்போது

தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை அனல்மின் நிலையங்களின் உலர் சாம்பலையும் இதே மண்ணில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சேர்க்கலாம், ஆனால் அதன் இயல்பு வேறு. நிலக்கரிச் சாம்பல் ஏற்கெனவே கொதிகலனில் ஒருமுறை வெந்து வந்தது. கண்ணாடி உருண்டையும், முல்லைட் என்ற அலுமினா-சிலிக்கா படிகமும், குவார்ட்ஸும்தான் அதில் இருக்கின்றன. களிமண் போல ஒட்டாது, உலரும்போது சுருங்காது. அலுமினா அதிகம் என்பதால் லேசில் இளகாது. ஆகவே கிரானைட் சேறு ஃப்ளக்ஸாகவும், சாம்பல் எலும்புக்கூடாகவும் நின்றால் இரண்டும் ஒத்துப்போகும். சாம்பல் சேர்த்தால் சேற்றுக் கலவையின் தொய்வும் குறைகிறது.

கவனிக்க வேண்டியது எரியாத கரி. 100 கிலோ கலவையில் 20 கிலோ சாம்பல், அதில் 6 சதவீதம் கரி என்றால் 1.2 கிலோ கரி. அதை முழுதும் எரிக்க 14 கிலோ அளவுக்குக் காற்று வேண்டும். அவ்வளவும் அழுத்திய ஓட்டின் நுண்துளை வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். 2 சதவீதத்துக்கு மேல் கரி உள்ள சாம்பலைக் கெட்டியான ஓட்டுக்குப் போடாமல் செங்கல்லுக்கு ஒதுக்குவது எங்கள் பரிந்துரை. செங்கல்லில் அதே கரி விறகை மிச்சப்படுத்தும்.

நெய்வேலிச் சாம்பல் லிக்னைட் சாம்பல். சுண்ணாம்பும் சல்பேட்டும் கூடுதல். சல்பேட் 1,000 டிகிரிக்கு மேல், துளை மூடும் நேரத்தில்தான் வாயு விடும். குறைந்த சூட்டில் சுட்டால் வாயு விடாது, ஆனால் மழைக்காலத்தில் செங்கல் மேல் வெள்ளை உப்பாகப் பூக்கும்.

சேலத்து வெள்ளைக்கல் கழிவு, அதாவது மேக்னசைட், 500 முதல் 700 டிகிரிக்குள் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக விட்டுவிடும். எஞ்சும் மெக்னீசியா களிமண்ணோடு சேர்ந்து 1,200 டிகிரிக்கு மேல் கார்டியரைட் என்ற கனிமம் ஆகிறது. சூளைத் தட்டு செய்ய ஏற்றது. தள ஓட்டுக் கலவையில் இதைக் கலந்தால் கட்டுக்குள் நிற்காது.

லாரி வந்ததும் செய்ய வேண்டியவை

ஒரு இடத்துச் சேற்றை மட்டும் அள்ளாதீர்கள். குட்டையில் கனமான இரும்பு ஊற்றுவாய்ப் பக்கமே படியும், நைஸ் மாவு மறுகோடிக்குப் போய்விடும். பத்து இடத்தில், மேலும் அடியும் எடுத்துக் கலந்து, அதிலிருந்து 2 கிலோ. காய்ந்த சேற்றைக் கையால் நொறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம். இதில் இருப்பது நுரையீரலைக் கெடுக்கும் குவார்ட்ஸ் தூசி. முடிந்தவரை ஈரமாகவே கையாளுங்கள்.

100 கிராம் உலர்ந்த சேற்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, பிளாஸ்டிக் பையில் போட்ட வலுவான காந்தத்தால் ஐந்து நிமிடம் துழாவுங்கள். ஒட்டியதைக் கழுவி, உலர்த்தி எடை போடுங்கள். கல்லிலேயே உள்ள மேக்னடைட்டும் காந்தத்தில் ஒட்டும் என்பதால் ஒரு சோதனை: ஒட்டியதைக் கல்வத்தில் லேசாக உரசி, மயில்துத்தக் கரைசலில் போடுங்கள். உலோக இரும்பு செம்பு நிறம் பிடிக்கும், மேக்னடைட் அப்படியே கறுப்பாக இருக்கும். உலோக இரும்பு அரை கிராமுக்கு மேல் இருந்தால் கலவைத் தொட்டிக்கு முன்னால் காந்தத் தடுப்பு இல்லாமல் அந்தச் சேற்றை எடுக்க வேண்டாம். இரும்பு நீக்கிய சேற்றில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் கார்பனேட். இரும்பை நீக்காமல் விட்டால் அதுவும் அமிலத்தில் குமிழ் விட்டுக் குழப்பும்.

அடுத்தது பொத்தான். சேற்றை மட்டும், எதுவும் கலக்காமல், 20 மி.மீ. விட்டத்துக்கு அழுத்தி 1,200 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். விளிம்பு சற்று மழுங்கிக் கல் போல இறுகியிருந்தால் சாம்பல் கல். உருகிப் படர்ந்து கறுத்திருந்தால் டோலரைட் கலந்திருக்கிறது. பொரி போல உப்பியிருந்தால் மெருகுச் சேறு வந்திருக்கிறது. டோலரைட் மட்டும் தனியாகக் கிடைத்தால் அதை எறிய வேண்டாம். 100 மெஷ்ஷில் சலித்து, கொஞ்சம் களிமண் சேர்த்துப் பூசி 1,250 டிகிரியில் சுட்டால் ஆழ்ந்த பழுப்பு, கறுப்பு நிறக் கிளேஸ் வரும்.

இதில் தேறிய சேற்றுக்குத்தான் முழுச் சோதனை. கலவையை 6 சதவீத ஈரத்தில் அழுத்திச் சிறு பட்டைகள் செய்து, 1,060 முதல் 1,200 வரை 20 டிகிரிக்கு ஒன்றாகச் சுடுங்கள். ஒவ்வொன்றின் நீளச் சுருக்கத்தையும் அளந்து, 2 மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, 4 மணி நேரம் அதிலேயே ஆறவைத்து, உறிஞ்சிய எடையைப் பாருங்கள். சர்வதேசத் தர வகைப்பாட்டில் 0.5 சதவீதத்துக்குள் என்றால் முழுதும் இறுகிய ஓடு, 3 முதல் 6 வரை சாதாரணத் தள ஓடு, 10க்கு மேல் சுவர் ஓடு. உங்களுக்கு வேண்டிய உறிஞ்சல் கிடைக்கும் சூட்டுக்கும், சுருக்கம் உச்சம் தொட்டுத் திரும்பும் சூட்டுக்கும் உள்ள இடைவெளிதான் அந்தக் கலவையின் சுடும் வரம்பு. அறைச் சூளையில் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் 30 டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம். கலவையின் வரம்பு 20 டிகிரி என்றால், கீழே வேகாத ஓடும் மேலே உப்பிய ஓடும் ஒரே சூளையில் கிடைக்கும். சூளைக்காரர் மேல் தப்பில்லை. அந்தக் கலவைக்குச் சேற்றைக் குறைத்துச் சாம்பலோ களிமண்ணோ கூட்டி, வரம்பு 40 டிகிரியாவது வரும்வரை மாற்ற வேண்டும்.

தேறிய சேற்றின் பொத்தான் ஒன்றைத் தேதி எழுதி அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த லாரியின் பொத்தான் அதன் பக்கத்தில் நிறத்திலும் விளிம்பிலும் ஒத்திருந்தால் மட்டும் சேற்றை இறக்கச் சொல்லலாம்.